திராட்சத்தோட்டமும் அரிவாளும்: நூலக நகல்கள் பற்றிய இரு தீர்ப்புகள்

நூல்களையும் அருளுரைத் தொகுதிகளையும் மதிப்பிட்டு எழுதுவதே இப்பக்கங்களின் வழக்கம். இம்முறை நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டை மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டமைக்காக வாசகர் பொறுத்தருள வேண்டும். தீர்ப்பும் எழுத்தே, அதற்கும் நடை உண்டு, வாதம் உண்டு, மனிதரைப் பற்றிய ஒரு நோக்கு உண்டு. அன்றியும் இவ்விரு தீர்ப்புகளும் நம் இறையியல் கல்லூரி ஒவ்வொன்றின் நூலகத்திலும், கடன் மேசைக்குப் பின்னால் நிற்கும் அந்த ஓர் அலமாரியைப் பற்றியவை. ‘ரிசர்வ்’ என்று மாணவர் அழைக்கும் அவ்வலமாரியிலுள்ள நூலை விடுதி அறைக்கு எடுத்துச் செல்ல இயலாது. நூலகத்திலேயே அமர்ந்து படித்துத் திருப்பித் தரவேண்டும். நூல்களோடு, ஆசிரியர்கள் தெரிந்தெடுத்து வைத்த அதிகாரங்களின் ஒளிநகல்களும் அங்கே கோப்புகளில் அடுக்கப்பட்டிருக்கும். அந்நகல்களை வைப்பதற்கு நாம் யாரிடம் அனுமதி பெற்றோம் என்ற வினாவை நம்மில் பெரும்பாலோர் எழுப்பியதே இல்லை. இதை எழுதுகிறவனும் பல ஆண்டுகள் எழுப்பவில்லை.

முதலாவது தீர்ப்பு அமெரிக்க நாட்டின் அட்லாண்டா நகரில் எழுந்தது. அங்குள்ள ஜார்ஜியா அரசுப் பல்கலைக்கழகத்தில் இவ்வலமாரி கணினிக்குள் சென்றுவிட்டது. ஆசிரியர் குறித்த அதிகாரத்தை நூலகத்தார் நகலெடுத்து மின்வடிவில் வைப்பர்; அவ்வகுப்பின் மாணவர் மட்டும் கடவுச்சொல் இட்டு வாசிப்பர். இதற்கு அனுமதியும் பெறவில்லை, கட்டணமும் செலுத்தவில்லை என்று கூறி, கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் சேஜ் நிறுவனமும் 2008-ஆம் ஆண்டு ஏப்ரலில் பல்கலைக்கழக அதிகாரிகள்மேல் வழக்குத் தொடுத்தன. 2012-ஆம் ஆண்டு மே மாதத்தில் மாவட்ட நீதிபதி ஒரிண்டா எவன்ஸ் 350 பக்கங்கள் கொண்ட தீர்ப்பை வழங்கினார். எழுபத்துக்கும் மேற்பட்ட நகல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவற்றுள் 5 மட்டுமே உரிமை மீறல் என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் அத்தீர்ப்பை மாற்றித் திருப்பி அனுப்பியது. மறு விசாரணையில், எஞ்சி நின்ற 48 நகல்களில் 4 மீறல் என்று 2016-இல் முடிவாயிற்று. அதையும் மேல்நீதிமன்றம் 2018-இல் தள்ளியது. மூன்றாம் முறையாக 2020-இல் நீதிபதி மீண்டும் ஆராய்ந்தபோது 10 மீறல் எனக் கண்டார். பன்னிரண்டு ஆண்டுகள்! வழக்கின் தொடக்கத்தில் அந்நகல்களைப் படித்த மாணவர் சிலர் அதற்குள் தாமே பேராசிரியர்களாகியிருக்கக் கூடும்.

இத்தீர்ப்பின் சிறப்பும் குறையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு, நியாயமான பயன்பாட்டை அளக்க நான்கு கருத்துகளைத் தருகிறது: எடுத்ததன் நோக்கம், எடுக்கப்பட்ட நூலின் தன்மை, எடுத்த அளவு, விற்பனைக்கு நேரும் இழப்பு. வகுப்பில் வழங்கப் பல படிகள் எடுப்பதையும் அப்பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நீதிபதி எவன்ஸ் அம்மையார் இவற்றுக்குக் கணக்கு ஒன்று வகுத்தார். பத்து அதிகாரங்களுக்குக் குறைந்த நூலாயின் நூற்றுக்குப் பத்துப் பங்கு. பத்தோ அதற்கு மேலோ அதிகாரங்கள் கொண்ட நூலாயின் ஓர் அதிகாரம். இந்த அளவைத் தாண்டாவிட்டால் மூன்றாம் கருத்து பல்கலைக்கழகத்தின் பக்கம் நிற்கும் என்றார். நூலகத்தார் இதைக் கேட்டு மகிழ்ந்திருப்பர். பத்து என்னும் எண்ணை விரல்விட்டு எண்ணலாமல்லவா? ஆனால் மேல்நீதிமன்றம், நியாயத்தை முழக்கோலால் அளக்க இயலாது, நான்கு கருத்துகளையும் சம எடையுள்ள வாக்குகளைப் போலக் கூட்டிக் கழிக்கவும் கூடாது, ஒவ்வொரு நகலையும் அதனதன் நிலையில் வைத்து நிறுக்க வேண்டும் என்று கூறிவிட்டது. சட்ட அறிவு மேல்நீதிமன்றத்தின் பக்கமே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் வகுப்பு தொடங்க இரண்டு நாளே இருக்கையில், ஓர் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஆசிரியருக்கு அந்த அறிவினால் என்ன பயன்?

நம்மை அதிகம் உறுத்தவேண்டியது நான்காம் கருத்தை நீதிமன்றம் கையாண்ட முறையாகும். நகலெடுக்கும் உரிமையைக் கட்டணத்துக்கு விற்கும் ஏற்பாடு இருக்குமானால், அக்கட்டணத்தைச் செலுத்தாதது விற்பனைக்கு இழப்பு. அத்தகைய ஏற்பாடே இல்லையெனில் இழப்பும் பெரிதாக இல்லை. சுருங்கக் கூறின், அனுமதியை விற்கக் கடை ஒன்று திறந்தவுடன், நேற்றுவரை நியாயமாயிருந்தது இன்று அநியாயமாகும் வாய்ப்பு உண்டு. வழக்கை நடத்தப் பொருளுதவி செய்தவர்களுள் ஒருவர், அவ்வாறு அனுமதி விற்கும் அமெரிக்க நிறுவனமே என்பதையும் மறத்தலாகாது. ஒரு செயலின் நேர்மை, எதிரில் கடை இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்திருக்கக் கூடுமோ? அறநெறி பயிற்றுவிக்கும் வகுப்பில் மாணவர் ஒருவர் இவ்வாறு விடை எழுதினால் நாம் மதிப்பெண் கொடுக்கத் தயங்குவோம்.

இரண்டாவது தீர்ப்பு நம் நாட்டினது. ஆதலால் நம்மைக் கட்டுப்படுத்துவது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பள்ளி வளாகத்தில், பல்கலைக்கழகத்தின் உரிமம் பெற்று நடந்த ராமேஸ்வரி ஒளிநகல் நிலையம், ஆசிரியர்கள் வகுத்த வாசிப்புப் பட்டியலின்படி பல நூல்களின் பகுதிகளைத் தொகுத்துப் பக்கத்துக்கு 40 காசு வீதம் மாணவருக்கு நகலெடுத்துக் கொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு ஃபிரான்சிஸ் ஆகிய பதிப்பகத்தார் 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அக்கடையின்மீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குத் தொடுத்தனர். முந்நூறுக்கும் மேற்பட்ட கல்வியாளர்கள் வழக்கைத் திரும்பப் பெறுமாறு பதிப்பகத்தாருக்கு எழுதினர். அத்தொகுப்புகளில் இடம்பெற்ற நூல்களின் ஆசிரியர்களும் அவர்களுள் இருந்தனர். ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தின் ஆசிரியரான அமர்த்திய சென்னும் அவ்வாறே வேண்டினார். யாருடைய உழைப்பைக் காப்பதற்கென்று வழக்கு நடந்ததோ, அவர்களே எதிர்த்தரப்பில் வந்து நின்றனர்.

2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில், கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுத்தல் உரிமை மீறலாகாது என்று கூறியிருப்பதையே அடிப்படையாகக் கொண்டார். தீர்ப்பில் நெஞ்சில் நிற்கும் பகுதி சட்ட வாதமன்று; நீதிபதி தம் மாணவப் பருவத்தை நினைவுகூரும் இடம். நகலெடுக்கும் வசதி அரிதாயிருந்த அந்நாளில் நூலகத்தில் அமர்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொண்டதை அவர் சொல்கிறார். பின்னர் பொறி வந்தது. இன்று கைப்பேசியிலேயே படமெடுக்கின்றனர். விளைவு ஒன்றாயிருக்கும்போது, செய்யும் வழி மாறியதொன்றினாலேயே குற்றமாகிவிடாது என்பது அவர் துணிபு. இறையியல் கல்லூரிகளில் மெழுகுத்தாள் வெட்டி, சைக்ளோஸ்டைல் பொறியைச் சுழற்றி, கைகளிலெல்லாம் மை பூசிக்கொண்ட தலைமுறையினர் இதைப் படிக்கும்போது புன்முறுவல் கொள்ளாமல் இருக்க இயலாது.

அழகிய வாதம். எனினும் திருமறையைக் கையில் வைத்திருப்போர் இவ்விடத்தில் சற்றே நிற்க வேண்டும். உபாகமம் 23:24, 25 வசனங்கள் பிறன் நிலத்தில் நுழைகிறவனைப் பற்றியவை. அயலானுடைய திராட்சத்தோட்டத்தில் நுழைந்தவன் வயிறு நிறையும் மட்டும் உண்ணலாம்; பாத்திரத்தில் இட்டு எடுத்துச் செல்லலாகாது. விளைந்த வயலில் கையினால் கதிர் கொய்யலாம், அரிவாளை இடலாகாது. நீதிபதி எண்ட்லா, கைக்கும் பொறிக்கும் வேறுபாடில்லை என்கிறார். மோசேயின் சட்டமோ கைக்கும் கருவிக்கும் இடையிலேயே எல்லைக்கோட்டை வரைகிறது! கையின் வேகத்துக்கு இயற்கையாகவே ஓர் அளவுண்டு. பசி தீர்ந்ததும் கை தானே ஓயும். அரிவாளுக்குப் பசி இல்லை, ஆதலால் நிறைவும் இல்லை. நூலகத்தில் கையால் எழுதிய மாணவர் தமக்கு வேண்டிய பத்தியை மட்டும் எழுதினார். எதை விடுவதென்று அவர் சிந்தித்தாக வேண்டியிருந்தது. பொறியின்முன் நிற்பவருக்கு அந்தச் சிந்தனை தேவையில்லை. நூல் முழுவதையும் கொடுத்துவிட்டுத் தேநீர் அருந்தப் போகலாம். ஆகவே விளைவு ஒன்றுதான் என்னும் கூற்று, ஓர் அதிகாரத்தளவில் உண்மை. ஒரு நூலளவில் உண்மையன்று.

அவ்வசனத்தை வைத்தே நீதிபதியைக் குற்றவாளியாக்கி விடுவதும் அவசரமாகும். அதே வசனம் தோட்டக்காரனுடைய உரிமையை முற்றுரிமையாக ஏற்கவில்லை. வேலிக்குள் நுழைந்தவனை அது திருடன் என்று அழைக்கவில்லை. அனுமதி கேட்டு வா என்றும் சொல்லவில்லை. மத்தேயு 12-ஆம் அதிகாரத்தில் சீடர்கள் கதிர்களைக் கொய்தபோது பரிசேயர் கண்ட குற்றம் ஓய்வுநாளைப் பற்றியதேயன்றி, களவைப் பற்றியதன்று என்பது நாம் அறிந்ததே. யூத ரபீமார் இவ்வசனத்துக்கு மேலும் ஓர் எல்லை கட்டினர். மிஷ்னாவின் பாபா மெட்சியா பகுதியில், இவ்வுரிமை அந்நிலத்தில் வேலை செய்யும் கூலியாளுக்கு, அவன் வேலை செய்யும் வேளையில் உரியது என்று வகுத்தனர். வழிப்போக்கனெல்லாம் புகுந்து தின்றால் உழவன் என்னாவான் என்ற கவலை அதில் தெரிகிறது. நம் 52-ஆம் பிரிவு, கற்பித்தலின் போக்கில் என்று சொல்வதும் ஏறக்குறைய இதுவே: அறிவின் வயலில் வேலை செய்யும் ஆசிரியரும் மாணவரும், வேலையின் போக்கில், வேலைக்கு வேண்டிய அளவு உண்ணலாம். சட்டமியற்றியோர் மிஷ்னாவைப் படித்திருக்க மாட்டார்கள். எனினும் நியாயத்தைத் தேடுவோர் ஒரே பாதையில் எதிர்ப்படுவது வியப்பன்று.

அதே ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் மேல்முறையீட்டில் நீதிபதிகள் பிரதீப் நந்திரஜோக், யோகேஷ் கன்னா ஆகியோர் இவ்வெல்லையை இன்னும் தெளிவாகக் கண்டனர். கற்பித்தல் என்னும் நோக்கத்துக்குத் தேவையான அளவு நியாயமானது; பக்கக் கணக்கு அதற்கு அளவுகோலன்று.  ஆனால் அத்தொகுப்புகளில் சேர்க்கப்பட்டவை உண்மையாகவே கற்பித்தலுக்குத் தேவையானவையா என்பதை விசாரித்து அறியவேண்டும் என்று வழக்கைக் கீழே அனுப்பினர். அவ்விசாரணை நடக்கவே இல்லை. 2017-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பதிப்பகத்தார் வழக்கைத் திரும்பப் பெற்றனர். நகல் உரிமை அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றும் மே மாதத்தில் மனு தள்ளுபடியாயிற்று. ஆதலால் எவ்வளவு தேவை என்னும் கேள்வி சட்டத்தில் விடை பெறாமலே நிற்கிறது. அதை ஒவ்வொரு ஆசிரியரும் தம் மேசையில் அமர்ந்து தாமே தீர்க்க வேண்டியவராயுள்ளார்.

நீதிபதி எண்ட்லாவின் தீர்ப்பில் வரும் மற்றொரு கருத்து நம்மவரிடையே மிகவும் பாராட்டப்படுகிறது. இலக்கியப் படைப்பின்மேலுள்ள பதிப்புரிமை தெய்விக உரிமையுமன்று, இயற்கை உரிமையுமன்று. பொது நன்மைக்காகச் சட்டம் ஏற்படுத்தியதே என்பது அதன் சாரம். நாம் இதை வரவேற்க விரைவதில் வியப்பில்லை. பூமியும் அதன் நிறைவும் கர்த்தருடையவை என்று அருளுரையாற்றுகிறவர்களல்லவா? பெற்றுக்கொள்ளாதது எதையும் நாம் உடையவர்களல்லோம் என்று பவுலும் கொரிந்தியருக்கு நினைவூட்டுகிறார். ஆனால் இறையியல் துணையோடு பிறர் உடைமையை எளிதாக்கிக்கொள்வது நம் தொழிலுக்கே உரிய சோதனை. பதிப்புரிமை சட்டத்தின் பிள்ளை என்பது சரி; கூலி சட்டத்தின் பிள்ளையன்று. அறுவடைக்காரனுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறதென யாக்கோபு 5:4-இல் எழுதப்பட்டபோது பதிப்புரிமைச் சட்டம் எந்நாட்டிலும் இல்லை. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டுவதைப் பற்றிய சட்டத்தைப் பவுல் இரண்டு நிருபங்களில் ஊழியரின் கூலிக்கு ஆதாரமாக எடுத்தாள்கிறார். இரண்டு தீர்ப்புகளிலும் உரிமையாளர் என்ற சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. எழுதியவர் என்னும் மனிதரோ அரிதாகவே தலைகாட்டுகிறார். எழுதியவருக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவேண்டும் என்பதை இரு நாட்டு நீதிபதிகளும் விரித்து ஆராயவில்லை. வழக்கைத் தொடுத்தவர் பதிப்பகத்தாராயிருந்தமையின் விளைவு அது.

தில்லி மேல்முறையீட்டுத் தீர்ப்பு மற்றொன்றும் சொல்கிறது: நூலகத்திலுள்ள முப்பது நாற்பது மேற்கோள் நூல்களையும் விலைக்கு வாங்கக் கூடியவர்களல்லர் மாணவர்; ஆகவே நகலினால் விற்பனை குறைந்துவிடாது. கல்வி பெருகினால் காலப்போக்கில் நூல்களை வாங்குவோரும் பெருகுவர். பவுன் கணக்கில் விலை போட்ட ஆங்கில விளக்கவுரைக்கு இது முழுக்கப் பொருந்தும். செராம்பூர் பாடத்திட்டத்தில் குறித்த நூல் ஒன்றின் விலையில், கிராமத்திலிருந்து வந்த மாணவர் ஒருவரின் பல வார உணவுச் செலவு அடங்கும். அவர் அந்நூலின் மூன்றாம் அதிகாரத்தை ரிசர்வ் அலமாரியிலிருந்து நகலெடுத்தால் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் எவருடைய அடுப்பும் அணையாது. அவருக்கு அதைத் தடுப்பது, வேலையாளை வயலில் நிறுத்தி வாயைக் கட்டுவதற்குச் சமம் என்றே கருதுகிறேன். இவ்வகையில் தில்லித் தீர்ப்பை நாம் நன்றியோடு ஏற்கலாம். அட்லாண்டாத் தீர்ப்பைவிட அது ஏழைக்கு நெருங்கியது.

ஆனால் அதே வாதம் தமிழ் நூலுக்குப் பொருந்துமா? இங்குதான் என் மனம் நெடுநாளாக உறுத்துகிறது. ஓய்வுபெற்ற ஆயர் ஒருவர், கிராமச் சபைகளில் துக்க வீட்டு வழக்கங்களைப் பற்றி, நாற்பது ஆண்டு ஊழியத்தில் கண்டவற்றை 96 பக்கங்களில் எழுதினார். பதிப்பகம் எதுவும் முன்வராமையால் தம் சேமிப்பிலிருந்து 500 படிகள் அச்சிட்டார். விலை 60 ரூபாய். ஆயர் பணியியல் வகுப்புக்கு அதற்கு நிகரான நூல் தமிழில் வேறில்லை. நான் ஒரு படி வாங்கி ரிசர்வ் அலமாரியில் வைத்தேன். வகுப்பில் இருந்த முப்பதின்மரும் அதை முழுமையாக நகலெடுத்துக்கொண்டனர். கம்பிச்சுருள் கட்டுடன் ஏறத்தாழ அதே விலைதான் ஆயிற்று. கல்லூரி வாயிலில் உள்ள கடையில் ஜெராக்ஸ் எடுப்பது, ஊருக்குக் கடிதம் எழுதி வரவழைப்பதைவிட எளிதாயிருந்தது, அவ்வளவே. மறு ஆண்டு அவர் சிற்றாலயத்தில் அருளுரை வழங்க வந்தார். மாணவர் ஒருவர் மிகுந்த அன்போடு அந்த நகலையே நீட்டி, “ஐயா, இதில் கையெழுத்திட்டுத் தாருங்கள்” என்றார். ஆயர் ஒரு நொடி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அருகில் நின்ற நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கு முப்பது பேரும் வாங்கக் கூடியவர்கள். நூலும் கிடைக்கக் கூடியது. எடுத்தது முழு நூல். நட்டம் அடைந்தவர் பெரும் பதிப்பகமன்று, எழுதியவரே. ஆயினும் கற்பித்தலின் போக்கில் எடுத்ததுதானே என்று வாதாட எனக்கு 52-ஆம் பிரிவு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. பெரிய தோட்டத்துக்கும் நாலு செடி உள்ள கொல்லைக்கும் தீர்ப்பு வேறுபாடு காட்டவில்லை என்பதே தில்லித் தீர்ப்பின்மேல் நான் வைக்கும் குறை. அட்லாண்டாவின் நான்காம் கருத்தை, அதாவது விற்பனைக்கு நேரும் இழப்பைக் கேட்கும் அந்தக் கருத்தை, கடை இருக்கிறதா என்று பாராமல் எழுதியவர் வாழ்கிறாரா என்று பார்க்கும்படி திருத்தி எடுத்துக்கொள்வோமானால், நம் அலமாரிக்கு அது பயன்படும்.

இரு நீதிமன்றங்களும் காணாத மூன்றாவது வழி ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு. 1949-இல் அன்றைய சென்னை மாகாண அரசு பாரதியாருடைய எழுத்துகளின் உரிமையைப் பெற்று, பின்னர் அவற்றை எவரும் அச்சிடும்படி பொதுவாக்கியது. அதன்பின் பல எழுத்தாளரின் நூல்களை அரசு நாட்டுடைமையாக்கி, மரபுரிமையினருக்குத் தொகை வழங்கி வந்திருக்கிறது. எழுதியவர் பக்கத்துக்குக் கூலியும், வாசகருக்குத் திறந்த வேலியும் ஒருங்கே கிடைக்கும் ஏற்பாடு இது. திருச்சபைகள் தம் ஆயர்களின் நூல்களுக்கு இவ்வாறு செய்ய இயலாதா? ஒரு பேராயத்தின் ஆண்டு விழாப் பந்தல் செலவில், தமிழ் இறையியல் நூல்கள் எத்தனைக்கோ உரிமைத் தொகை கொடுத்துவிடலாம். இதைச் சொல்லிவிட்டுப் பேராயக் கூட்டத்தில் நான் எங்கே அமர்வேன் என்பது வேறு.

அந்நிகழ்ச்சிக்குப் பின் நான் ஆயரின் வீட்டுக்குச் சென்றேன். முன்னறையில், அச்சகத்திலிருந்து வந்த கட்டுகள் பிரிக்கப்படாமல் இருந்தன. வகுப்புக்கென முப்பது படிகள் வாங்கிக்கொண்டு வந்து, அலமாரியிலிருந்த நூலின்மேல், நகலெடுப்பதற்கன்று என்று தாள் ஒட்டி வைத்தேன். ரிசர்வ் அலமாரியில் இன்னும் பதினொரு தமிழ் நூல்கள் உள்ளன. அவற்றுள் நான்கின் ஆசிரியர்கள் உயிரோடிருக்கின்றனர். ஆங்கில நூல்களின் நகல்களை நான் தொடவில்லை.